லயத்துப் பேச்சைக் கேட்ட இயந்திரம்

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹப்ஸாவுக்கு, டிவியில் நிலக்ஷியின் முகம் தெரிந்தால் இன்றைக்கும் கை வேலை ஓடாது. பள்ளியில் தன்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவள், இன்று நாட்டின் தொழில்நுட்பக் கொள்கைக் குழுவில் இருக்கிறாள்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நிலக்ஷி. அம்மா ராக்காயி கொழுந்து பறித்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து, அப்படியே ஆராய்ச்சியில் இறங்கினாள். மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைப்பதுதான் அவள் துறை.

ஒரு மழைக்காலம், மண்சரிவு ஆபத்தைச் சொல்வதற்கு ஒரு தொலைபேசிச் சேவை சோதனைக்கு வந்தது. பதில் சொல்வது இயந்திரம். ராக்காயி அதற்கு அழைத்து, "லயத்துக்குப் பொறத்தால மண்ணு இடிஞ்சி வருதுங்க" என்றார். "மன்னிக்கவும், மீண்டும் கூறுங்கள்" என்றது அது. எத்தனை தரம் சொன்னாலும் அதே பதில்.

"நாம பேசுறது தமிழ் இல்லையா புள்ள?" என்று மகளிடம் கேட்டார்.

அடுத்த வாரம் நிலக்ஷி ஒலிப்பதிவுக் கருவியோடு ஹப்ஸாவின் கடைக்கு வந்தாள். "ஒரு மூலை குடுடி. வர்றவங்க பேசட்டும், நம்ம பேச்ச மெஷினுக்குப் படிச்சுக் குடுக்கணும்."

துணி வாங்க வந்த பெண்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். "வீடு இடிஞ்சா எப்படிக் கத்துவீங்க? அப்படியே கத்துங்க" என்று ஹப்ஸாதான் தைரியம் கொடுத்தாள். வேலாயி என்ற அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. வட்டகொடை, கினிகத்தேனை என்று ஊர் ஊராய்க் குரல் சேர்த்து, வருஷக்கணக்கில் உழைத்தாள் நிலக்ஷி.

பிறகுதான் கொழும்பில் அந்தக் கொள்கைக் குழுவில் சேர அழைப்பு வந்தது. கூட்டத்தை ஹப்ஸா போனில் நேரலையாகப் பார்த்தாள். "இவ்வளவு சின்ன மக்கள் தொகைக்குத் தனியாக ஒரு பேச்சுச் சேவை எதற்கு?" என்றார் ஓர் அதிகாரி.

"உயிருக்குப் பயந்து கத்துறவங்க பாடப்புத்தகத் தமிழ்ல கத்த மாட்டாங்க, சேர்" என்றாள் நிலக்ஷி. வேலாயியின் குரலை ஓடவிட்டாள். திரையில் அந்தக் கூச்சல் வார்த்தை வார்த்தையாக எழுந்தது. கீழேயே அதன் சிங்கள மொழிபெயர்ப்பும் வந்தது. கடைக்கு வந்தவர்களுக்கும் ஹப்ஸா போனைத் திருப்பிக் காட்டினாள்.

பாவிக்கப்போகும் மக்களோடு சோதிக்காமல் எந்தப் பேச்சுச் சேவையும் பொதுமக்களுக்கு வரக்கூடாது என்ற விதி, பல இழுபறிக்குப் பிறகு, நிறைவேறியது.

போன ஐப்பசியில் மேல் தோட்டத்தில் மலை பிளந்தது. லயத்தின் பின்பக்க அறைகள் மண்ணுக்குள் போயின. உள்ளே ஒருவரும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குப் போர்வை கொண்டுபோனாள் ஹப்ஸா. சின்னராசா என்பவர் அவளைப் பிடித்துக்கொண்டார். "நான்தாங்க அந்த மெஷினுக்குப் போன் பண்ணேன். ஒரே தரத்துல வெளங்கிக்கிச்சு. 'சாமான் எடுக்க நிக்காதீங்க, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு வெளிய வாங்க'ன்னு நம்ம மாதிரியே பேசுச்சு!"

நிலக்ஷியும் வந்தாள், முழங்கால் வரை சேறு. சரிந்த மலையையே பார்த்தபடி குளிரில் நின்றாள். ஹப்ஸா கையிலிருந்த கடைசிப் போர்வையை அவள் தோளில் போட்டாள்.