கொசு சத்தம்

சூரியனைப் போலக் கொதிக்கும் வாயுவைக் காந்தத்தால் கட்டிவைக்கிற ஆய்வுக்கூடத்தில் எங்க அக்காவுக்கு வேலை. அந்த வாயுவுக்குள் பாய்ச்சும் அதிவேகத் துகள்கள் சில சமயம் அலையைக் கிளப்பும். அந்த அலையே அவற்றைத் தூக்கி, வாயு இருக்கும் கலத்தின் உள்சுவரில் அடிக்கும். அக்கா அலையை ஸ்பீக்கரில் சத்தமாக மாற்றிக் கேட்பாள். 'கீ' என்று ஏறினால் உடனே பாய்ச்சலைக் குறைக்கச் சொல்வாள்.

புதிதாக வந்த தலைவருக்கு அது பொறுக்கவில்லை. "என்னம்மா இது, கொசு சத்தம்? நிறுத்தித் தொலை!" என்று எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரைப் பிடுங்கிப் போட்டார். அன்றிலிருந்து அவள் பேர் 'கொசுராணி'. நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஹெட்போனுக்கு மாறினாள்.

விருந்தினர்கள் வந்த அன்று, பெருமை காட்ட அந்த ஆள் பாய்ச்சலை முழுசாக ஏற்றச் சொன்னார். அக்காவின் காதில் 'கீ' ஏறியது. அவள் வாயே திறக்கவில்லை. உள்சுவர் உருகிப் பொத்துக்கொண்டது, எல்லாம் நின்றுபோனது.

தலைவர் ஓடிவந்தார். "உனக்குக் கேட்டிருக்குமே! ஏன் சொல்லல?"

அக்கா ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"கேட்டுச்சு சார். கொசுதானேன்னு விட்டுட்டேன்."