கலெக்டர் படியேறும் வீடியோ

ஸ்டெல்லா டாக்டர் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் கோட்டூர்புரம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்க ரோஜாப்பூவுக்கும் நடுவில் வந்தது. "நம்ம தேனாம்பேட்டை நாய் டாக்டர். நெஞ்சு வலி." அவ்வளவுதான். அதற்குக் கீழே நாற்பது கும்பிடு. அந்த நாற்பதில் முப்பது பேர் இதே குழுவில் அந்தம்மாவை 'திமிர் பிடித்தவள்' என்று எழுதியவர்கள். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நான் காப்பியைக் கீழே வைக்கிறவன் இல்லை. ஒரு புயலில் என் பந்தல் பறந்து பக்கத்துத் தெருவில் விழுந்தபோதுகூடக் குடித்து முடித்துவிட்டுத்தான் ஓடினேன்.

நான் பந்தல் கான்ட்ராக்டர். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு நிழல் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் சாதாரண நாய் வளர்க்க முடியுமா? லாப்ரடார் வாங்கினேன். பெயர் கலெக்டர். கல்யாண வீட்டில் மிஞ்சிய நெய்ச்சோறு, பிரியாணி, அல்வா எல்லாம் கலெக்டருக்குத்தான் போகும். எலும்பு பலப்பட வேண்டுமென்று கால்சியம் டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றினேன். பதினோரு மாதத்தில் நாற்பத்திரண்டு கிலோ. ஐம்பது என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கலெக்டருக்கு ஒரு தனித்திறமை இருந்தது. மாடிப்படி ஏறும்போது பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, முயல் மாதிரித் துள்ளித் துள்ளி ஏறும். நானே பழக்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். விருந்தாளி வந்தால் பிஸ்கட்டைக் காட்டி மூன்று மாடியும் ஏறவைப்பேன். வீடியோ எடுத்தேன். பின்னணியில் நாதஸ்வரம்கூடச் சேர்த்தேன். குழுவில் போட்டதும் அதே நாற்பது கைகள் தட்டின.

ஒரு நாள் கலெக்டர் படிக்குக் கீழேயே தவளை மாதிரிக் காலைப் பரப்பி உட்கார்ந்துவிட்டது. பிஸ்கட்டைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டது. அப்போதுதான் ஸ்டெல்லா டாக்டரிடம் போனோம். கொட்டிவாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். படித்துப் பட்டம் வாங்கியும் குப்பத்துப் பேச்சைக் கழற்றி வைக்காதவர். நாயைத் தொடும் முன்பே என் பெருமையைக் காட்டிவிட வேண்டுமென்று வீடியோவை நீட்டினேன். முழுதும் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். நாதஸ்வரம் அந்தச் சின்ன அறையில் இரண்டாம் முறையும் ஒலித்தது.

"இது வித்தை இல்ல நைனா. வலி."

நாதஸ்வரத்தை அவரே நிறுத்தினார்.

"ஒரு காலைத் தனியா ஊனினா உயிர் போவுது. அதான் ரெண்டையும் சேத்துக்கினு ஏறுது. நீ இன்னா பண்ணே? பாட்டு போட்டே."

பிறகு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இடுப்புல கிண்ணம் மாதிரி ஒரு குழி. அதுக்குள்ள தொடை எலும்போட உருண்டை உக்காரணும். உன் நாய்க்குக் கிண்ணம் தட்டா கீது. உருண்டை வெளிய நிக்குது. பொறக்கும்போதே கொஞ்சம் கோணல். மிச்சத்தை நீ பண்ணே, சோறாலயும் டானிக்காலயும்."

வெளியே வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, நாயை ஒரு ஆட்டோ இடித்துவிட்டது, அதனால்தான் கால் போனது என்று குடியிருப்பு முழுக்கச் சொன்னேன். இல்லாத ஆட்டோவுக்கு நம்பர்கூடச் சொன்னேன். இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிற இடத்தில் இதை மறைத்தால் அவர் எழுந்து வந்து திட்டுவார்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. என் மச்சான் கோபால் வந்து உட்கார்ந்தான்.

"எதுக்கு மாமா இழுத்துக்கினு? ஒரு ஊசி போட்டா தூங்கிடும். வேற குட்டி எடுத்துக்கலாம். நானே சொல்லி வெக்கிறேன்."

"உனக்கு முட்டி வலின்னு போன வாரம் அழுதியே, உனக்கும் ஒண்ணு போட்டுடலாமா?" என்றாள் என் மனைவி சரசு.

எனக்கு வேறு கணக்கு. எங்கோ நாய்களுக்கு இடுப்பு மூட்டையே கழற்றிவிட்டு உலோகத்தில் புதிது வைக்கிறார்கள் என்று செல்போனில் பார்த்திருந்தேன். இரண்டு பக்கமும் வைத்துவிட்டால் மெட்ராஸிலேயே இரும்பு இடுப்பு நாய் என்னுடையதுதான்! மறுநாளே சரசுவோடும் நாயோடும் டாக்டரிடம் போய், கோபால் சொன்ன ஊசியையும் என் திட்டத்தையும் சொன்னேன்.

அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "ஆபரேஷன் யாருக்கு நைனா? நாய்க்கா, உனக்கா?"

அருகில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அந்த ஆபரேஷன் தப்பில்லை, சில நாய்களுக்குச் சரிப்படும். ஆனால் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் தேறாது. முதலில் மூன்று மாதம் உடம்பைக் குறைக்க வேண்டும். வலிக்கு மருந்து. படி கிடையாது, குதி கிடையாது. அதன் பிறகும் வலி நிற்காவிட்டால் கத்தி.

"மூணு மாசத்துல எறங்கலன்னா?" என்றாள் சரசு.

"அப்ப உன் தம்பி சொன்ன ஊசியை நானே போடறேன். வலியில வெச்சிப் பாக்கமாட்டேன்."

சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாய் மேசைக்கடியில் படுத்து வாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தார். கலெக்டரின் சாப்பாட்டுக்கு இனி அதுதான் அளவு: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, தலை தட்டி. கோபுரமாக அள்ளினால் அது ஒன்றரை. கல்யாண வீட்டில் இலை வழியப் பரிமாறிப் பழகிய எனக்கு அந்த டம்ளரைத் தலை தட்டுவது, பந்தக்காலைப் பிடுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வாரம் ஒரு முறை தராசில் நிறுத்துவார். நான் வாயைத் திறந்தால், "நீ பேசாதே. நீ சொல்றதுல பாதிய நான் வெட்டிக்கணும். முள்ளு பொய் சொல்லாது" என்பார்.

கொட்டிவாக்கம் கடற்கரையில் விடியற்காலையில் ஈர மணலில் நடத்தவும், அலை தணிந்த நாளில் முழங்கால் தண்ணீரில் நிறுத்தவும் தன் அண்ணனிடம் சொல்லிவைத்தார். வலை உதறிக்கொண்டிருந்த அவர் கலெக்டரைப் பார்த்து, "இன்னா மாமா, நாயா இது, கன்னுக்குட்டியா? தண்ணியில எறக்கினா கடல் ரோட்டுக்கு வந்துடப் போவுது" என்றார். மீன் கூடையோடு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு அடையாறு வரை கேட்டிருக்கும். இது கூட்டல் இல்லை. அந்தப் பெண்களின் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

மூன்று மாதத்தில் பதினோரு கிலோ இறங்கியது. வலது கால் தேறிவிட்டது. இடது காலில் வலி நிற்கவில்லை. அந்தப் பக்கம் உருண்டையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார் டாக்டர். எலும்பு எலும்போடு உரசாது, சதையே தாங்கிக்கொள்ளும் என்றார். தாங்கியது. இன்றைக்குக் கலெக்டர் நடக்கிறது, கொஞ்சம் சாய்ந்து, கட்சிக்காரர் மாதிரி. ஆனால் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக ஊன்றி நடக்கிறது.

தையல் பிரித்த அன்று, வெட்கத்தில் அந்த வீடியோவை அழித்துவிடுகிறேன் என்றேன்.

"அழிக்காதே. குட்டி வாங்கறவன் எவனா இருந்தாலும் காட்டு. ஆனா ஒண்ணு நைனா, பாட்டு வேணாம். ஒரு வார்த்தையும் கூட்டாதே."

கொட்டிவாக்கம் மாதா கோயிலில் பூசை முடிந்து அடக்கம் ஆயிற்று. இதைப் படிக்கிற உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். எத்தனை நாய்க்காரர்கள், எத்தனை கறுப்புக் கண்ணாடி! மாலையோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டவரையும் பார்த்தேன். அந்தம்மா மேல் போட்ட மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை, எங்கள் குடியிருப்பின் நாற்பது கும்பிடுகளில் ஒருவர் என் தோளைத் தட்டி செல்போனை நீட்டினார். புது லாப்ரடார் குட்டி. ஆறு மாதம். படியேறுகிறது. பின்னங்கால் இரண்டும் சேர்ந்து.

"பாருங்க சார், அப்படியே முயல்! உங்க கலெக்டரைத் தோக்கடிச்சுட்டான்."

த்தூ என்று அவர் காலடியில் துப்பியிருப்பேன். கோயில் வாசல். அதோடு, அந்தச் சிரிப்பு யாருடைய சிரிப்பு என்று எனக்குத் தெரியும். நாதஸ்வரம் வைத்துச் சிரித்த அதே சிரிப்பு.

ஸ்டெல்லா டாக்டரிடமிருந்து எனக்கென்று இருப்பவை ஒரு டம்ளர், ஒரு வீடியோ. டம்ளர் வீட்டில் கலெக்டரின் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீடியோ சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன். சத்தத்தை அணைத்தேன். அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். படியின் முதல் திருப்பம் வரை சிரித்துக்கொண்டே பார்த்தார்.

"இது வித்தை இல்லை. வலி" என்றேன்.

என் வாயில் ஆட்டோ வரவில்லை. ஐம்பது கிலோ வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. மறுநாள் காலை தேனாம்பேட்டையில் பூட்டியிருந்த டாக்டரின் கிளினிக் கதவின் முன்னால் அவர் குட்டியோடு நின்று, இனி எங்கே போவது என்று எனக்குப் போன் செய்தார்.