காப்புக் கட்டியவனிடம் சத்தியம் கேட்பதில்லை

டயகமப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பழனியாண்டி யார் என்று கேட்டால், "காமன் வேஷக்காரரா?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். நான் கும்பிட மாட்டேன்.

அவன் குடியிருந்தது மேல் லயத்து வரிசை வீடுகளில். கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலை வெட்டுவதில் கெட்டிக்காரன். மாசியில் காமன் கூத்து வந்தால் மன்மதனாக ஆடுவான். அதற்காக மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை அவன் மனிதனில்லை, சாமி. கவுச்சி தொடக்கூடாது, பெண்ணை ஏறிட்டுப் பார்க்கக்கூடாது.

அம்மாக்கண்ணு கீழ் லயத்துக்காரி, புருஷனை இழந்தவள். மேல் லயத்துத் தண்ணீர்ப் பீலியில் அவள் வாளி பட்டால், பீலியைக் கழுவிவிட்டுத்தான் மற்றவர்கள் தண்ணீர் பிடிப்பார்கள். அவள் கிள்ளிய கொழுந்துக்கு மட்டும் தீட்டில்லை. அது துரையின் கொழுந்து. இந்த இரண்டு பேரும் பழகினார்கள். ஐம்பத்தேழாம் வருஷம் மாசியில் அவள் வயிறு ஊருக்குத் தெரிந்தது. அதற்குள் பழனியாண்டி காப்புக் கட்டிவிட்டிருந்தான். மனசறியக் கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து. பெரிய கங்காணி இராமையா கேட்டார்:

"யாருடி அவன்? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அம்மாக்கண்ணு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"பீலியக் கழுவுனோம். இவளக் கழுவ மறந்துட்டோம்," என்றாள் மேல் லயத்து வேலாயி. பெண்கள் சிரித்தார்கள்.

"சரி. ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா வாங்க. சூடத்த அணைச்சு, நானில்லன்னு சத்தியம் பண்ணுங்க."

"எனக்குப் பல்லே இல்ல கங்காணி, நானுமா?" என்றார் கிழவர் மூக்கன்.

"அணைங்க பெருசு. உங்களயும் சந்தேகப்பட்டோம்ல, சந்தோசப்படுங்க."

எல்லோரும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். பழனியாண்டியும் எழுந்து வந்தான். கங்காணி பதறிப்போய் மறித்தார்.

"நீங்க ஒதுங்குங்க சாமி. காப்புக் கட்டுனவங்ககிட்ட சத்தியம் கேட்டா தோட்டத்துக்கே ஆகாது."

அப்போதுதான் அம்மாக்கண்ணு தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. எரிகிற சூடத்தை அப்படியே கையில் அள்ளினான். உடம்பெல்லாம் நடுங்கியது.

"நான்தான்! அந்தப் புள்ளைக்கு நான்தான் அப்பன்!"

 உடனே தப்பு மேளம் முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"சாமி வந்திருச்சு! அவ பாவத்தச் சாமியே ஏத்துக்கிட்டாரு!"

கங்காணி அவன் காலில் விழுந்தார். "நான்தான், நான்தான்" என்று அவன் கத்தக் கத்த, தப்பு இன்னும் பலமாக முழங்கியது. வேலாயி வேப்பிலைத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள்.

பிறகு தீர்ப்பு. தோட்டத்து ஆம்பளைகள் அத்தனை பேரும் சத்தியம் பண்ணிவிட்டார்கள். அப்படியானால் வெளியூர்க்காரனிடம் போயிருக்கிறாள். கூத்து முடிகிறவரை பெண்பிள்ளையை அழவைத்து அனுப்பக்கூடாதாம். காப்பு அவிழ்த்த மறுநாள் அவள் தோட்டத்தைவிட்டு இறங்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் வழியில் அவனைத் தனியே கண்டு பேசியதாக, பிற்பாடு பொகவந்தலாவையில் அம்மாக்கண்ணுவே என்னிடம் சொன்னாள்.

"காப்ப அவுத்த பெறகு, காலையில ஆள் கூடுற பெரட்டுல சொல்லு. அப்ப நீ சாமியில்ல, வெறும் பழனியாண்டி. நம்புவாங்க."

"சொல்றேன் புள்ள. ஆத்தா மேல ஆணையா சொல்றேன்."

கூத்தின் கடைசி நாளில் காமனை எரித்தார்கள். காப்பு அவிழ்ந்தது. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் எல்லோரும் வேலைக்கு வரிசை கட்டி நின்றார்கள். ஓரத்தில் அம்மாக்கண்ணு மூட்டையோடு நின்றாள். பழனியாண்டி வந்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. முன்பெல்லாம் "ஏலே" என்று கூப்பிட்டவர்கள் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்கள். ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிவந்து, "தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க," என்றாள். அவன் தொட்டான். அந்தக் கையில் சூடம் சுட்ட கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

நேரே கங்காணி முன்னால் போய் நின்றான்.

"என்னமோ சொல்ல வந்தாப்புல இருக்கே?" என்றார் கங்காணி, குனிந்து, மரியாதையாக.

பழனியாண்டி சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. இன்னிக்குக் கவ்வாத்து எந்த மலைன்னு கேக்க வந்தேன்."

அம்மாக்கண்ணு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. அவனும்தான்.