மாமாவைப் பதினேழு முறை மிதித்த யானை

எங்கள் மாமாவை நான் மொத்தம் பதினேழு முறை யானையை விட்டு மிதிக்க வைத்தேன். இயக்குநர் கேட்டது ஒரே ஒரு மிதிதான்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கிறார். நான் கடலூர் முதுநகரில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நம்மிடம் நடக்கும். பெண் பார்க்கப் போன அன்றைக்கே மாமா எல்லார் முன்னாலும், "போட்டோ ஒட்டுறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று கேட்டார். பெண் பிடிவாதமாக நின்றதால் கொடுத்தார். அன்று உர்ரென்று வைத்துக்கொண்ட முகத்தைப் பதினெட்டு வருஷமாக மாற்றவில்லை.

போன வருஷம் சிதம்பரத்துப் பெண் ஒருவர் கடைக்கு வந்தார். சென்னையில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, சொந்தமாக ஒரு சரித்திரப் படம் எடுக்க அலைந்துகொண்டிருந்தவர். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு கற்பனைக் கோட்டை. அதன் கதவை விடியற்காலையில் எதிரிக்குத் திறந்துவிடுகிற ஒரு மந்திரி. கடைசியில் ராஜா அவனை யானைக்காலில் இடுகிறார். தயாரிப்பாளரிடம் காட்டுவதற்கு, ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே படமாகப் போட்ட ஸ்டோரிபோர்டு வேண்டும், ஏஐயில் போட்டால் போதும் என்றார். முதலில் முப்பது படம். பிடித்துவிட்டால் முழு சினிமாவுக்கும் நான்தான். செத்தவர்கள் போட்டோவுக்குக் கோட்டு மாட்டிவிட்டே என் காலம் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அந்த வேலை எப்படியாவது வேண்டும்.

போர்க்களத்தை முதலில் போட்டு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அண்ணே, வெட்டுப்பட்டு வுழறவன்கூட என்னப் பாத்து சிரிக்கிறான்ணே."

பேனர் பழக்கம். பேனரில் ஒரு முகத்தை இன்னொரு முகம் மறைத்தால் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்ளும். அதனால், எல்லா முகமும் தெரிய வேண்டும், மலர்ச்சியாக இருக்க வேண்டும் என்று என் கை தன்னால் ஏஐக்கு அடித்துவிட்டிருந்தது. அதைச் சரிசெய்தால் அடுத்த சிக்கல். மந்திரி ஒரு படத்தில் இருந்த மாதிரி அடுத்த படத்தில் இல்லை. நடந்து வரும்போது மீசை, தாழ்ப்பாளில் கை வைக்கும்போது தாடி, கதவு திறந்ததும் வேறு ஆள். நிஜமான ஒரு முகத்தை மாதிரிக்குக் கொடுத்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு போகும்.

என் கம்ப்யூட்டரில் முகத்துக்கா பஞ்சம்? தேடிக்கொண்டே போனதில், மச்சான் வீட்டு கிரகப்பிரவேச பேனருக்காக வெட்டி வைத்திருந்த மாமாவின் படம் கிடைத்தது. 'வருக வருக' என்ற எழுத்துக்குக் கீழே நின்றுகொண்டு, வந்தவர்களைத் திரும்பிப் போகச் சொல்கிற முகம். துரோகிக்கு வேறென்ன வேண்டும்?

மெஷின் மாமாவைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டது. தலைப்பாகை, முத்துமாலை, கூடவே மாமாவின் மூக்குக்கண்ணாடி. பட்டு அங்கியில் ஒரு பாக்கெட், அதில் பேனா. அதையெல்லாம் மல்லுக்கட்டி எடுத்தேன். பிறகு யானை. முதல் யானைக்கு ஐந்து கால். இரண்டாவது யானை மாமாவைவிடச் சின்னதாக இருந்தது. மூன்றாவது கச்சிதம். உண்மையைச் சொன்னால் அதோடு நிறுத்தியிருக்கலாம். மீதிப் பதினான்கும் என் சொந்த சந்தோஷத்துக்காகப் போட்டவை.

பதினேழாவதை ரசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"வேலையா இருக்கீங்களா, மாப்ள?"

மாமா. மச்சான் பிள்ளைக்குக் காதுகுத்து பேனர் சொல்ல வந்திருந்தார். நான் திரையை மூடுவதற்குள் பார்த்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே குனிந்தார்.

"யாரு இது?"

"மந்திரி, மாமா."

"எம் மூஞ்சி மாரி இருக்குதே."

"உங்க மூஞ்சிதான், மாமா."

பொய் யோசிக்க நேரமில்லை. வீட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. மாமாவோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா தப்பு பண்ணான்?"

"கோட்டைக் கதவ எதிரிக்குத் தொறந்து வுட்டுட்டான்."

"எதுக்கு?"

கதையில் பேராசை என்று மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னேன். மாமா உதட்டைப் பிதுக்கினார்.

"மந்திரிக்கு இன்னா கொறச்சல்? இந்த வயசுல ஆசப்பட்டா தொறப்பான்? அவன் பொண்ண அந்தப் பக்கம் கட்டிக் குடுத்திருப்பான், மாப்ள. அவுங்க தொறன்னா தொறந்துதான் ஆவணும். பொண்ணக் குடுத்தப்பறம் மந்திரியாவது ராஜாவாவது."

சாதாரணமாகத்தான் சொன்னார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் தலைதீபாவளி ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. வடை ஆறிப்போயிருக்கிறது என்று இலையிலிருந்து எழுந்து, நான் விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கடையில் யாருக்கும் பணியாத அந்த மனிதர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். "தப்பு எங்களுதுதான், வாங்க மாப்ள" என்று ஊரே பார்க்கக் கெஞ்சினார். ஒரு வடைக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது, அதுவும் பதினெட்டு வருஷம் கழித்து.

மாமா பேனர் விவரமெல்லாம் சொல்லி முடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்றார். "கதவத் தொறக்கும்போது அந்தப் பொண்ண ஒரு தபா காட்டச் சொல்லுங்க" என்றார். யானையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஒரு படம் கூடுதலாகப் போட்டேன். எதிரிக் கூட்டத்தின் நடுவே பல்லக்குத் திரையை விலக்கி மகள் பார்க்கிறாள். மந்திரியின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. மறுவாரம் சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து இயக்குநரிடம் காட்டினேன். காபி ஆறும்வரை அந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, படமே இதுதான்ணே. தயாரிப்பாளர்கிட்ட நான் பேசிக்கிறேன், முழுசும் நீங்கதான் போடுறீங்க. இத யாரு யோசிச்சது?"

"நான்தாம்மா" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. மாமா என்று சொல்லியிருந்தால் வேலை ஒன்றும் போயிருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.

கடலூருக்கு பஸ்ஸில் திரும்பும்போது மாமா போன் செய்தார்.

"டைரட்டரு இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப புடிச்சிருக்குன்னாங்க, மாமா. வேல நமக்குத்தான்."

"நான் சொன்னதையும் சொன்னீங்களா?"

"சொன்னேன், மாமா. மொதல்ல அதத்தான் சொன்னேன்."

"சரிங்க மாப்ள" என்றார். பிறகு போனை வைக்க மறந்துவிட்டு, கடைக்கு வந்திருந்த யாரிடமோ மாமா சொல்வது கேட்டது.

"எங்க மாப்ளதான். சினிமாவுக்குப் படம் போடுறாரு. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் யோசிக்கிறது."