நாலு விரல் மிச்சம்

என் கணவர் மகேசனுக்கு ஒஸ்லோ தமிழர்கள் ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள். அவருக்கு மட்டும் அது தெரியாது. 'கம்பளப் பேராசிரியர்.' நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் மூன்று வருடம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்த மனிதர், கம்பளம் கழுவும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து நகரத்தின் மேற்குப் பக்கத்துப் பணக்காரரின் பாரசீகக் கம்பளங்களில் அவர்களுடைய நாய்கள் செய்துவைத்த காரியங்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார். கழுவுகிறவருக்கே இவ்வளவு கர்வம் என்றால் நெய்கிறவர்களுக்கு எவ்வளவு இருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

யாருடைய வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேக் வெட்டுமுன் இவர் நிலத்தில் முழந்தாளிட்டுவிடுவார். கம்பளத்தின் மூலையைப் புரட்டுவார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு முடிச்சுகளை எண்ணுவார். ஹவுகெட்டோப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த தனுஷா புதுவீடு குடிபுகுந்த அன்று அவளுடைய சோபாவுக்கு அடியிலிருந்து இவருடைய குரல் மட்டும் வந்தது. "பிள்ளை, இது மெசினில அடிச்சது. கையால நெய்ததெண்டு ஆர் உங்களை ஏமாத்தினது?" தனுஷாவின் முகம் கறுத்துவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு இரண்டாம் தரம் சோறு போட யாரும் வரவில்லை. இப்போதெல்லாம் நாங்கள் வருகிறோம் என்றால் கம்பளத்தைச் சுருட்டி அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

சரி, இவ்வளவு தெரிந்தவரின் வீடு எப்படி இருக்கும்? ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டு நிலம் அப்போது வெறும் பலகை. ஒரு கால்துடைப்பான்கூட அவருடைய தகுதிப் பரீட்சையில் சித்தியடையவில்லை. பனிக்காலத்தில் நான் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு சமைப்பேன். கொரோனாவுக்கு முந்திய வருடம், அவர் கம்பளம் கழுவத் தொடங்கி இருபத்திரண்டு வருடமானபோது, தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, இந்த வருசம் ஒரு கம்பளம் வரவேணும். இல்லாட்டி இந்த வீட்டில கம்பளம் எண்ட கதை வரக்கூடாது."

"வாங்கிறதெண்டா ஈரானுக்குப் போய்த்தான் வாங்கவேணும்."

"வெளிக்கிடுங்கோ" என்றேன். நான் வெருட்டுகிறேன் என்று நினைத்தவர், நான் லீவுக்கு எழுதிக்கொடுத்த பிறகுதான் பெட்டியை இறக்கினார்.

தை மாதத்தில் ஈரானுக்குச் சுற்றுலாப் போகிற அறிவாளிகள் குறைவு. தெஹ்ரானில் இறங்கினால் மலை முழுக்கப் பனி. பனியைப் பார்க்க ஒஸ்லோவிலிருந்து பறந்து வந்தவர்கள் நாங்கள் இருவராகத்தான் இருக்கும். தலையை மூடவேண்டும் என்ற சட்டம் எனக்குக் கஷ்டமாகவே இல்லை, குளிருக்கு நான் ஏற்கனவே கண்ணை மட்டும் விட்டு மற்றதெல்லாம் மூடியிருந்தேன். காஷானில் தெருவோரம் தள்ளுவண்டியில் பீட்ரூட் அவித்து ஆவி பறக்க விற்றார்கள். இஸ்ஃபஹானில் பெரிய பாலம் இருந்தது, கீழே ஆறு இல்லை. வாடகைக் காரில் போய் இறங்கியபோது சாரதி நெஞ்சில் கைவைத்து, காசு வேண்டாம் என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நான் நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். அவர் பின்னால் ஓடிவந்தார். அது உபசார வார்த்தையாம். மூன்று தரம் வற்புறுத்திக் கொடுக்கவேண்டுமாம். மனுசன் நடுத்தெருவில் வைத்து எனக்கு ஈரானியப் பண்பாடு பற்றி ஒரு விரிவுரை நடத்தினார்.

பதினொரு நாளில் நாற்பது கம்பளம் பார்த்தோம். கடைக்காரர்கள் தேநீர் தந்தே களைத்துப்போனார்கள். இது சாயம் விடும், இதைப் பூச்சி அரித்திருக்கிறது, இதன் ஓரம் வேறு ஆள் கட்டியது. பட்டறையில் வேலை செய்யும் ஈரானியர் ஒருவரிடம் இவர் பாரசீகம் பழகியிருந்தார். கறை, சவர்க்காரம், ஈரம், நாற்றம் என்பவற்றில் இவருக்கு நல்ல புலமை. அந்த மொழிவளத்தோடுதான் உலகத்தின் மிக அழகான கம்பளங்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் அபிப்பிராயம் சொன்னார்.

கடைசியாகப் போன ஊரின் பெயர் நாயின். கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாலைவனத்து ஓரத்தில் மண்நிறத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஃபரீபா என்றொரு பெண் வீட்டில் கம்பளம் நெய்கிறாள் என்று விடுதிக்காரர் அனுப்பிவைத்தார். ஐம்பது வயது இருக்கும். கணவர் பஸ் ஓட்டுகிறவர், அன்று வீட்டில் இல்லை. குட்டை மேசை ஒன்றுக்கு அடியில் தணலை வைத்து மேலே பெரிய போர்வையைப் போட்டிருந்தாள். அதற்குள் காலை நீட்டியவுடன், பத்து நாளில் முதல் தடவையாக எனக்குக் கால் இருப்பது தெரிந்தது. சுவரோடு தறி நின்றது. அதில் பால் வெள்ளையும் நீலமுமாக ஒரு கம்பளம். கொடிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஓடின. முடிய நாலு விரல் அகலம் மிச்சமிருந்தது.

மனுசன் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தறிக்குப் பின்னால் போய் நின்று ஒரு மணித்தியாலம் பின்பக்கத்தையே பார்த்தார். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. சரி, வாங்கப்போகிறார் என்று நான் மனதுக்குள் கம்பளத்தை வீட்டில் விரித்தும்விட்டேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நீலம் கொஞ்சம் கூடிப்போச்சு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினேன். இருபத்திரண்டு வருடம் வேண்டாம் வேண்டாம் என்றே பழகிய நாக்கு, வேண்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சதி செய்துவிட்டது. வாசலில் சப்பாத்தைப் போட்டபடி இவர் பாரசீகத்தில் விடைபெற்றார். இங்கேதான் வினை. எங்கள் ஆட்கள் எந்த வீட்டிலிருந்தும் 'போறன்' என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிடமாட்டார்கள், அது அபசகுனம். 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். எந்த நாட்டிலும் எந்த மொழியிலும் சொல்ல வேண்டும் என்று சட்டமில்லை, ஆனால் பேராசிரியர் சொன்னார். "மீரம், பர்மிகர்தம்." போகிறேன், திரும்பி வருகிறேன்.

ஃபரீபாவின் கண் விரிந்தது. "ஹத்மன்?" என்று கேட்டாள். நிச்சயமாகவா?

"பலே, பலே" என்றார் இவர், ஓம் ஓம் என்று. 'போட்டு வாறன்' என்றால் 'ஓம், வாங்கோ' என்று பதில் வருமல்லவா, அதைத்தான் அவள் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தாள். படம் அனுப்புவதற்கு வாட்ஸ்அப் இலக்கமும் வாங்கிக்கொண்டாள். நாங்கள் வெறும் கையோடு ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தோம்.

மூன்று கிழமை கழித்து, நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய குரல் எங்கள் குசினிக்குள் வந்தது. ஒரு நிமிடக் குரல் செய்தி. கேட்கக் கேட்க மனுசனுக்குப் பேயறைந்த முகம்.

"என்னவாம்?"

"இஸ்ஃபஹானில இருந்து ஒரு வியாபாரி வந்து கேட்டவராம். இது நோர்வேக்காரருக்குச் சொல்லிவைச்சது, அவர் திரும்பி வாறனெண்டு சொல்லிப்போட்டுப் போனவர் எண்டு திருப்பி அனுப்பிப்போட்டாளாம். பங்குனியில அவையளுக்குப் புதுவருசம். அதுக்குள்ள தறியை வெறுமையாக்கி அடுத்ததைத் தொடங்கவேணுமாம். எப்ப வாறியள் எண்டு கேக்கிறாள்."

அடக் கடவுளே! வாடகைக் காரோட்டி காசு வேண்டாம் என்றால் அது உபசாரம். மகேசன் திரும்பி வருகிறேன் என்றால் மட்டும் அது சத்தியவாக்கா? உலகத்துக்கே உபசாரம் படிப்பித்த நாட்டுக்காரிக்கு எங்கள் உபசாரம் பிடிபடவில்லை.

"உடன கதைச்சு விளங்கப்படுத்துங்கோ. எங்கட பழக்கத்துக்குச் சொன்னது, பாவம் அவள் அந்த வியாபாரிக்கே குடுக்கட்டும்."

போனை எடுத்துக்கொண்டு பல்கணிக்குப் போனார். குளிருக்குள் நின்று ஏழு தரம் பதிவுசெய்து ஏழு தரமும் அழித்தார். உள்ளே வந்து கதிரையில் இருந்தார். "குமாரி, வேண்டாமெண்டு சொல்ல என்னால ஏலாது. அது நல்ல கம்பளமடி. நான் பாத்ததிலயே நல்லது. அவளின்ர ஒரே தறியை நான் மறிச்சுக்கொண்டு நிக்கிறன்."

எனக்கு வந்த கோபத்துக்குப் புட்டுக்குழலால் ஒன்று போட்டிருக்கலாம். "இதை அங்கையே சொல்லியிருந்தா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்?"

பொருளாதாரத் தடையால் ஈரானுக்கு வங்கி மூலம் ஒன்றும் அனுப்ப முடியாது, அங்கே எங்கள் அட்டைகளும் வேலை செய்யாது. ஆள்தான் போகவேண்டும். மாசியில் வந்த விண்டர்ஃபெரி என்கிற பனிக்கால விடுமுறைக் கிழமையில், நோர்வேக்காரர் எல்லாரும் பனிச்சறுக்கக் காட்டுவீடுகளுக்குப் போக, நாங்கள் மறுபடி பெட்டியைத் தூக்கினோம். மனுசனின் மேற்பார்வையாளர் மார்க்கஸ், "இந்த முறையும் ஈரானா? அவ்வளவு பிடித்துப்போயிற்றா?" என்று கேட்டாராம். ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் இருபத்திரண்டு வருட மரியாதை போய்விடுமே.

தெஹ்ரானிலிருந்து தெற்கே போகிற பெருந்தெருவில் பனி கொட்டி எங்கள் பஸ் ஐந்து மணித்தியாலம் நகரவில்லை. பக்கத்து இருக்கைக்காரி தோடம்பழம் உரித்து, பஸ்ஸில் உள்ள அத்தனை பேருக்கும் நீட்டிய பிறகுதான் தான் ஒரு சுளை தின்றாள். மனுசன் யன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு இருந்தார். ஃபரீபாவிடம் என்ன சொல்வது என்று முணுமுணுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"உண்மை கிண்மை எண்டு ஒண்டும் உளறாதேங்கோ. வந்தம், வாங்கினம், போறம். விளங்குதா?"

"ஓம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த 'ஓம்' எனக்குத் தெரியும்.

நாயினில் ஃபரீபா கதவைத் திறந்ததும் இரண்டு அடி பின்னுக்குப் போனாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். உள்ளே தறியில் கம்பளம் விட்ட இடத்திலேயே நின்றது. அதே நாலு விரல் மிச்சம். ஒரு வரிகூட ஏறவில்லை. ஏன் என்று கேட்க இவர் வாயெடுத்தார், ஆனால் பாரசீகத்தில் வாயிலிருந்து வந்தது வேறு.

"என்னை மன்னிக்க வேணும். நான் வாறனெண்டு சொன்னது எங்கட பழக்கத்துக்கு. திரும்பி வரவேணுமெண்டு அண்டைக்கு நினைச்சுச் சொல்லேல்லை. என்னால நீங்கள் ஒரு வியாபாரியை விட்டிட்டியள்."

முகத்தைப் பார்த்தே உளறுகிறார் என்று விளங்கி, நான் அவருடைய தொடையில் கிள்ளினேன். பிந்திவிட்டது. எல்லாம் சொல்லி முடித்து, தான் சொன்னதைத் தமிழில் எனக்கும் மொழிபெயர்த்தார், நான் கேட்டதுபோல.

ஃபரீபா தேநீர் ஊற்றினாள். பாதி தட்டில் சிந்தியது. பிறகு முக்காட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கிச் சொன்னதை இவர் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார்.

"வியாபாரி ஒருத்தரும் வரேல்லையாம். அது பொய்யாம். ரண்டு பனிக்காலமா இந்தத் தெருவுக்கே ஒருத்தரும் வரேல்லையாம். வாறவையும் முன்பக்கத்தைப் படம் எடுத்துப்போட்டுப் போயிடுவினமாம். பின்பக்கத்தைப் போய்ப் பாத்த முதல் ஆள் நான்தானாம். எப்பிடியாவது என்னைக் கூப்பிடவேணுமெண்டு..."

"அப்ப ஏன் முடிக்காமல் வைச்சிருக்கிறா?" என்று நான் கேட்டேன்.

அவர் கேட்டார். அவள் தறியைப் பார்த்தபடி பதில் சொன்னாள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் அதை எனக்குச் சொன்னார். "தறியில நிக்குமட்டும் அது வேலையாம். அறுத்து எடுத்திட்டா விலைப்படாத சாமானாம். முடிச்சா, விடிய எழும்பி என்ன செய்யிறதெண்டு தெரியாமல் அந்த நாலு விரலை அப்பிடியே விட்டிருக்கிறாளாம்."

அறையில் நாங்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் பொய்யர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இனி யாருக்கும் யாரும் கடமைப்படவில்லை. மனுசன் விரும்பினால் நீலம் கூடிப்போச்சு என்று எழும்பி வந்திருக்கலாம்.

"எனக்கு இது வேணும்" என்றார். பாரசீகத்திலும் சொன்னார், தமிழிலும் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

ஐந்து நாள் அவள் நெய்தாள். மகா பேராசிரியர் பக்கத்துப் பலகையில் இருந்து கம்பளி நூல் வெட்டிக் கொடுத்தார். இரண்டு தரம் நீளம் பிழைத்து ஏச்சு வாங்கினார், எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. நான் அவளுடைய குசினியில் பருப்பும் பீட்ரூட் கறியும் வைத்தேன். ஆறாம் நாள் அவள் கம்பளத்தை அறுத்து இறக்கினாள். அன்று பின்னேரமே அவளுடைய கணவர் பஸ்ஸின் பின்பெட்டியில் புதுக் கம்பளியும் பாவுநூலும் கொண்டுவந்து இறக்கினார்.

அடுத்த நாள் காலை புறப்படும்போது விடைபெற உள்ளே எட்டிப் பார்த்தோம். அவள் தறிக்கு முன்னால் ஏறியிருந்து அடுத்த கம்பளத்துக்குப் பாவு ஓட்டிக்கொண்டிருந்தாள். உதடுகள் இழைகளை எண்ணின. நான் கூப்பிட்டேன். மனுசன் கூப்பிட்டார். எண்ணிக்கை தப்பிவிடும் என்று திரும்பாமலே இடக்கையை உதறி, போங்கோ போங்கோ என்று எங்களைத் துரத்தினாள்.

கம்பளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த மனுசன் தெருமுனையில் நின்று மூக்கைத் துடைத்தார். "பாத்தியே, எங்களைத் திரும்பியும் பாக்கேல்லை" என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தோடு அவர் குறை சொல்லி நான் பார்த்ததில்லை.