தாடை இளகிய நாள்

என் கணவரின் வலது கண்ணில் புரை. எங்கள் மலையூர் பள்ளங்கியில், தோட்டத்தில் பூண்டோடு கூழாங்கல்லையும் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்திருந்தார். பழனியில் இரண்டு முறை அறுவைக்கு நாள் குறித்து, இரண்டு முறையும் ரத்த அழுத்தம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு வேளை தவறியதில்லை. ஆனால் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாலே அவருக்குத் தாடை இறுகிவிடும், அளவும் ஏறிவிடும்.

ஒரு ஞாயிறன்று அவரைத் தேடி சலூனுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி புறங்கையில் மசாஜ் மெஷினை மாட்டிக்கொண்டு அவர் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெஷின் கிர்ரென்று ஓடியது. என் கணவரின் தாடை தளர்ந்து வாய் லேசாகத் திறந்திருந்தது.

அடுத்த ஞாயிறு வீட்டிலிருந்த பிபி மெஷினோடு போனேன்.

"ஏக்கா, என் கடைக்கு இதத் தூக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

"பேசாம அவரு தாடையப் பாருங்க தம்பி."

பட்டையைச் சுற்றியபோதும் அவர் கண் திறக்கவில்லை. அளவு இறங்கியிருந்தது. நேரத்தோடு எழுதிக்கொண்டேன்.

"ஒரு நாளைக்கு மெஷினக் குடுங்க தம்பி, பழனிக்கு."

"நல்லாருக்கே! அப்ப நான் வெறுங்கையாலயா மசாஜ் பண்றது? பஸ் ஜன்னல்ல கன்னத்த வைக்கச் சொல்லுங்க. இதவிட நல்லா அதிரும்."

மூன்றாம் முறை வெள்ளனே கிளம்பினோம். இடது பக்க ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வலது கண்ணுக்குத் தொந்தரவு வரக் கூடாது. "சரியான பைத்தியம் நீ," என்றபடி கண்ணாடியில் கன்னத்தைச் சாய்த்தார். மூன்றாவது வளைவிலேயே தூங்கிவிட்டார்.

மருத்துவமனையில் நர்ஸ் பட்டையை எடுத்ததும் தாடை மறுபடி இறுகியது. இந்த முறையும் திருப்பி அனுப்பினால்? எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தேன். கை நடுங்கியது, நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை.

"மெஷின ஆன் பண்ணிட்டியா?" என்றார். சிரிப்பில் அவர் தாடை இளகுவது என் கைக்குத் தெரிந்தது.

"அப்படியே இருங்கய்யா," என்று நர்ஸ் அளந்தார். பிறகு நிமிர்ந்து, "உள்ள கூட்டிட்டுப் போகலாம்," என்றார்.

மறுநாள் காலை கண் கட்டைப் பிரித்தார்கள். அவர் முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

"என்ன, இன்னிக்கு மெஷின் ஓடக் காணோம்?"