சபாபதியின் சிவந்த கண்

சபாபதி வேன் இருக்கையில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைப் பழைய டூத்பிரஷால் சுரண்டிக்கொண்டிருந்தார். கிள்ளான் நகரில் பத்தொன்பது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஒரு வாரம் வேனைத் தொடக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டக்கூடாது, கழுவலாம் என்று இவராகவே அர்த்தம் செய்துகொண்டார்.

போன வருடம் ஒரு பிள்ளையின் ரூலர் முனை அவருடைய வலது கருவிழியைக் கீறிவிட்டது. காயம் ஆறியும் மேல்தோல் ஒட்டவில்லை. விடியற்காலையில் கண்ணைத் திறந்தால் உரியும். திங்கட்கிழமை டாக்டர் அந்தத் தோலை வழித்தெடுத்துவிட்டு, புதுத்தோல் வளரட்டும் என்றார்.

அன்று வியாழன். நாலு நாளாக வேன் ஓட்டுவது மைத்துனன் குரு. அவன் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறான் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் எழுத, பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். இப்படியே விட்டால் வேன் குருவோடு போய்விடும். நாளைக் காலை தானே ஓட்டுவது என்று சபாபதி முடிவெடுத்தார்.

இடைஞ்சல் கண்தான். மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. வேன்காரர் கண் சிவந்திருந்தால் வலிக்கிறதா என்று எந்தப் பெற்றோரும் கேட்பதில்லை. நேற்று எத்தனை பாட்டில் என்றுதான் கணக்குப் போடுவார்கள். அதற்காகவே அவர் வருடக்கணக்காக ஒரு சொட்டு மருந்து வைத்திருந்தார். சிவப்பைப் போக்கும், வேறெதுவும் செய்யாது. மூன்று சொட்டு விட்டார். எரிச்சல் உச்சி மண்டைக்கு ஏறியது. ஆனால் கண் வெளுத்துவிட்டது.

சற்று நேரம் கழித்துத் தேநீர் குடிக்க உள்ளே வந்தபோது மனைவி அமுதவள்ளி கோப்பையை நீட்டியபடியே நின்றுவிட்டாள். இடது கண்ணின் பாப்பா கடுகு மாதிரி. வலது பாப்பா மிளகைவிடப் பெரிது. ஸ்ட்ரோக்தான் என்று தீர்மானித்து, இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். தூக்கினார். சிரிக்கச் சொன்னாள். வாய் ஒரு பக்கம் இழுத்தது.

"குரு, மாமாவுக்கு வாய் கோணிருச்சிடா."

மதியப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்திருந்த குரு எட்டிப் பார்த்தான். "அவரு எப்பவும் அப்படித்தான்க்கா சிரிப்பாரு."

ஆனாலும் அதே வேனில் ஏற்றி கிளினிக்குக் கொண்டுபோனார்கள். தாதி வாணி கேட்ட மூன்றாவது கேள்விக்கு மருந்துக் குப்பி சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது.

"இதை எத்தனையோ வருசமா போடுறேம்மா. ஒன்னும் ஆனதில்ல."

"அப்ப மேல தோல் இருந்துச்சி அங்கிள். மருந்துல முக்காவாசியை அது வெளியவே நிப்பாட்டிரும். இப்பதான் சுரண்டி எடுத்துட்டோமே. கேட்டுல காவலுக்கு ஜாகா இல்லாத கொண்டோ அடுக்குமாடி மாதிரி லா. எது வந்தாலும் நேரா உள்ள போயிரும். இந்த மருந்து உள்ள போனா பாப்பா விரிஞ்சிரும்."

டாக்டர் சோதித்துவிட்டு, சில மணி நேரத்தில் பாப்பா சுருங்கிவிடும் என்றார். தான் கொடுக்காத எதையும் கண்ணில் விடக்கூடாது, அடுத்த வாரம் பார்க்கும்வரை வண்டியும் ஓட்டக்கூடாது என்றார். பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று சபாபதி இழுத்தார். அப்படியானால் கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று அமுதவள்ளி முந்திக்கொண்டாள்.

மறுநாள் காலை கண் பழையபடி சிவந்திருந்தது. குரு வேனை ஓட்ட, சபாபதி பக்கத்து இருக்கையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கினார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் காட்டினார், கடிதத்தைக் காட்டினார், ரூலரிலிருந்து கதையைத் தொடங்கினார். குரு ஹாரன் அடித்துப் பார்த்தான். கடைசி வீட்டுக்கு வேன் இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பிள்ளையின் தாய் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டில் நின்றாள். சபாபதி அங்கேயும் இறங்கினார்.